ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு குளோன் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. வாங்கிய எஸ்எஸ்டி பழுதா?

எஸ்எஸ்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். குளோன் (டிஸ்கை அப்படியே நகலெடுப்பது) பாதியில் நின்றால் நான் பார்த்தவரை பெரும்பாலும் பழைய டிஸ்க்தான் காரணம். கம்ப்யூட்டர் ஸ்லோ என்றுதானே எஸ்எஸ்டி வாங்கினீர்கள்? அந்த ஸ்லோவே டிஸ்க் சாகக் கிடப்பதால் வந்ததாக இருக்கலாம்.

காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் இதே கதை. யாரோ வந்து குளோன் போட்டு, அறுபது சதவீதம் தாண்டி நின்றதும் "எஸ்எஸ்டி டூப்ளிகேட்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மில்காரர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, காசு குடுத்து ஏமாந்துட்டனுங்களா?" என்றார்.

நான் எஸ்எஸ்டியைத் தொடவே இல்லை. பழைய டிஸ்கை, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் 'காஷன்', அதாவது எச்சரிக்கை. சி5 என்ற வரியில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் எண் ஏறிக் கிடந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள்) கணக்கு அது. காதை வைத்துக் கேட்டால் 'டிக்... டிக்' என்று ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தது. (சி7 வரி, கேபிள் வழியே டேட்டா போகும்போது வரும் பிழைகளின் கணக்கு. அது மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க் பிழைத்துவிடும்.)

இங்கேதான் சிலர் சண்டைக்கு வருவார்கள்: "செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு?" அது டிஸ்க் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை. சாகிற டிஸ்கில் அதை ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் படித்துப் படித்தே மிச்ச உயிரையும் எடுத்துவிடும். முதலில் காப்பி, செக்டிஸ்க் எல்லாம் அந்தக் காப்பியில். "ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் போட்டுக்கலாமே" என்பவர்களுக்கும் ஒன்று: வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரி. பில்லிங் சாஃப்ட்வேர், அதன் லைசென்ஸ், பழைய பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றும்வரை மில் வாசலில் லாரி நிற்குமா?

கணக்கு ஃபோல்டரை மட்டும் முதலில் பென்டிரைவில் எடுத்தேன். பிறகு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, பழுதான டிஸ்கிலிருந்து காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். இது கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய், நல்ல பகுதியை முதலில் அள்ளிவிட்டு, அப்புறம்தான் விட்டதற்குத் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 500 ஜிபி டிஸ்கை 480 ஜிபி எஸ்எஸ்டியில் அப்படியே கொட்ட முடியாது என்பதால், கையிலிருந்த 1 டிபி டிஸ்கில் இறக்கினேன். அதில் சி பார்டிஷனைச் சுருக்கி, அங்கிருந்து எஸ்எஸ்டிக்கு குளோன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. 'டூப்ளிகேட்' எஸ்எஸ்டி இன்றும் அங்கேதான் ஓடுகிறது.

வேலை முடிந்ததும் மில்காரர், "ஒயர் மாத்துனதுக்கு இவ்வளவுங்களா?" என்றார். அவராவது கடைசியில் கொடுத்தார். சொந்தக்காரர்கள் அதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கும் நேரத்தில் "மாப்ளே, என் லேப்டாப் ஹேங் ஆகுது, ரெண்டு நிமிஷ வேலைதானே" என்பார்கள். பிளம்பரிடம் இப்படிக் கேட்பார்களா?

சரி, உங்கள் விஷயம். குளோன் முடிந்த பிறகு பூட் ஆகவில்லை என்றால் சி டிரைவை மட்டும் காப்பி செய்திருப்பீர்கள். விண்டோஸைக் கிளப்பும் ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்டிஷன் ஒன்று 100 எம்பி அளவில் இருக்கும், அதுவும் வர வேண்டும். அது வந்தும் அடம்பிடித்தால் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்தப் பார்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்டுங்கள். முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சி5 எண் எவ்வளவு என்று கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்த எண்ணைப் பார்த்ததும் ஆஃப் செய்துவிட்டு, நான் சொல்லும்வரை அந்த டிஸ்கை ஆன் செய்யாதீர்கள்.