காய்ச்சல் இல்லை என்றால் பச்சிளங்குழந்தைக்குத் தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. "பன்னிரண்டு நாள் குழந்தை, உடம்பு சுடவில்லை, பால் மட்டும் குடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீதியைப் போகிற வழியில் வாசித்துக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் அல்ல. பதினாறு ஆண்டுகளாகப் பரிசோதனைக்கூடத்தில் இரத்த மாதிரிகளோடு கிடப்பவன். அப்படிப்பட்டவன்தான் கோட்டைவிட்டேன்.

மகள் பிறந்த ஒன்பதாம் நாள். "பிள்ளையின் கால் சில்லென்று இருக்கிறது மாப்பிள்ளை, காலையிலிருந்து மார்பில் வாய் வைக்கவில்லை" என்றார் என் மாமியார். தெர்மாமீட்டர் 96.4 காட்டியது. "காய்ச்சல் இல்லையே அத்தை, மின்விசிறியை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. இரத்தப் பரிசோதனையில் வளர்ந்தது ஈ.கோலை என்ற பாக்டீரியா.

அதே ஆண்டு தை மாதம் இதே ஈ.கோலை என் சிறுநீரகத்தில் புகுந்தபோது எனக்கு 104 டிகிரி. மூன்று போர்வைக்குள் கட்டிலே ஆடியது. ஒரே இனக் கிருமிக்கு ஏன் இப்படி இரண்டு முகம்?

இந்தக் கிருமியின் மேலுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சு இருக்கிறது. மோனோசைட் என்னும் வெள்ளணு, டிஎல்ஆர்-4 என்ற ஏற்பியால் அதை அடையாளம் காண்கிறது. பெரியவர்களுக்கு உடனே டிஎன்எஃப் முதலான அழற்சிப் புரதங்கள் கொட்டும். காய்ச்சல் அதன் விளைவு. தொப்புள்கொடி இரத்தத்து, அதாவது பிறந்த குழந்தையின், மோனோசைட்டிலும் அந்த ஏற்பி ஏறக்குறைய அதே அளவுதான். நச்சு அதன் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் டிஎன்எஃப் குறைவாகவே சுரக்கும். ஐஎல்-6 என்ற இன்னொரு அழற்சிப் புரதம் மட்டும் அவ்வளவாகக் குறையாது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருளும் இப்படிக் கடிவாளம் போடுவதில் ஒன்று. கடிவாளத்துக்கும் காரணம் உண்டு: பிறந்ததும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடலில் குடியேறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உடம்பு கொதித்தால் பிள்ளை தாங்குமா?

உடனே "அணுக்கள் மட்டுமா காரணம்?" என்று யாராவது வருவீர்கள். இல்லை. சிசுவுக்கு நடுங்கிச் சூடேற்றத் தெரியாது, பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் காக்கிறது. தொற்றில் அதுவும் தடுமாறும். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வரும். மூன்று மாதத்துக்குள் 100.4 தொட்டாலும் அவசரம்தான்.

பதினான்கு நாள் ஊசி மருந்து. அந்தத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டும் இடத்தில் மெத்தை நாற்காலிகள் வரிசையாக இருந்தன; சிசுப் பிரிவு வாசலில் ஒன்றுகூட இல்லை. தையல் ஆறாத என் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி கேட்டதற்குக் காவலாளி, "படியில் உட்காரக் கூடாது" என்றார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் பள்ளியிலிருந்து 102 டிகிரியோடு வந்தாள். அத்தை தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்து, "இன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறது மாப்பிள்ளை, போகலாமா?" என்றார்.