பழைய அணிக்கு எதிராக மாற்று ரிசீவராக இறங்குபவரால் உண்மையில் என்ன பயன்?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி விடுவித்த ரிசீவரை (வீசப்படும் பந்தைப் பிடிப்பவரை) எதிரணி மாற்று வீரராகச் சேர்த்துக்கொள்வது ஏன், ரகசியத்துக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு ஆம். ஆனால் அந்தப் பயன் கிடைப்பது பெரும்பாலும் ஆட்ட நாளில் அல்ல, அதற்கு முந்தைய பயிற்சி நாட்களில்தான்.

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லில் ஓர் அணியில் 53 பேர். ஆட்ட நாளில் அதிகபட்சம் 48 பேர்தான் களமிறங்கத் தகுதியானவர்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் ரிசீவருக்குப் பந்து வருவது அபூர்வம். பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் கிக்-ஆஃப், பன்ட் சமயங்களில் ஓடிப்போய், பந்தைப் பிடித்து வரும் எதிராளியை மடக்குவதுதான் அவர் வேலை.

பயிற்சியில் நிலைமை வேறு. அங்கே அவர் பழைய அணியின் ரிசீவராகவே ஓடிக்காட்டுவார். அந்த அணியின் ரிசீவர்கள் எத்தனை கெஜத்தில் திரும்புவார்கள், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் எந்தச் சைகையால் ஆட்டத்தை மாற்றுவார், ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்குகளில் யார் இரட்டைத் திருப்பத்தில் (ஒரு பக்கம் திரும்புவதுபோல் காட்டி வேறு பக்கம் ஓடுவதில்) ஏமாறுவார் என்பதெல்லாம் அவர் உடம்புக்கே தெரியும். வீடியோவில் இது முழுதாகக் கிடைக்காது.

இதற்குப் பெரிய சான்று ஒரு பயிற்சியாளர்தான். ரெய்டர்ஸ் அணியிலிருந்து தம்பா பே அணிக்குப் போன ஜான் க்ரூடன், அதே ரெய்டர்ஸுக்கு எதிரான 2003 சூப்பர் பவுலுக்கு (என்எஃப்எல் இறுதிப் போட்டிக்கு) முன் தன் பழைய குவார்ட்டர்பேக் ரிச் கேனனாகத் தானே நடித்துப் பயிற்சி கொடுத்தார். ரெய்டர்ஸ், களத்தில் ஆட்டத்தை மாற்றச் சொல்லும் பழைய குறிச்சொற்களையே வைத்திருந்தது. கேனன் வீசிய 5 பந்துகள் எதிரணி கைக்குப் போயின. 48-21 என்று தம்பா பே வென்றது.

அதனால் விவரமான அணிகள் அந்த வாரமே சைகைகளை மாற்றிவிடும். ஆனால் கார்னர்பேக்கின் கால் பழக்கத்தை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது.