எல்லா ஸ்டேஜையும் 50 ஓமுக்கு மேட்ச் செய்ய வேண்டுமா?

கேள்வி: 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு ஒரு ரிசீவரும் 5 வாட் டிரான்ஸ்மிட்டரும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ரிசீவரில் எஸ்ஏ612 மிக்ஸர் (இரண்டு ஃப்ரீக்வென்சிகளைக் கலக்கும் ஐசி), 9 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் லேடர் ஃபில்டர். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நடுவில் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) மேட்ச் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். சில இடங்களில் செய்தால் கெடுதல்கூட. 50 ஓம் என்பது கேபிளுக்கும் அளவுக் கருவிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட எண். 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 43 மீட்டர். போர்டில் இரண்டு அங்குல இடைவெளியில் இருக்கும் ஸ்டேஜுகளுக்கு அந்த எண்ணோடு எந்தக் கட்டாயமும் இல்லை. அடுத்த ஸ்டேஜுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பாருங்கள்.

ஆசிலேட்டரிலிருந்து மிக்ஸருக்குப் போக வேண்டியது வோல்டேஜ்தான். எஸ்ஏ612-இன் 6-ஆம் பின்னில் பீக் டு பீக் 200 முதல் 300 மில்லிவோல்ட் இருந்தால் போதும். இங்கே மேட்ச் செய்தால் வோல்டேஜ் பாதியாகும். லோடு கொஞ்சம் மாறினாலும் ஃப்ரீக்வென்சி நகரும். நடுவில் ஒரு பஃபர் (ஆசிலேட்டர்மேல் சுமை ஏறாமல் காக்கும் ஸ்டேஜ்) வைத்து, அதன் இன்புட் இம்பீடன்ஸ் ஆசிலேட்டரின் அவுட்புட்டைப் போலப் பத்து மடங்காவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியோ ஸ்டேஜுகளுக்கும் இதே கதைதான்.

கிரிஸ்டல் ஃபில்டர் விஷயம் வேறு. இங்கே மேட்ச் கட்டாயம். பவர் வீணாகிறது என்பதைவிட, ஃபில்டரின் வடிவமே கெட்டுப்போகும் என்பதுதான் காரணம். இரு முனையிலும் அது எதிர்பார்க்கும் ஓம் இல்லாவிட்டால் பாஸ்பேண்ட் (ஃபில்டர் கடந்துபோக விடும் ஃப்ரீக்வென்சி வரம்பு) மேடும் பள்ளமுமாகிவிடும். ஒரு கேரியரை மெல்ல டியூன் செய்தால் சத்தம் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குவது காதுக்கே தெரியும்.

உங்கள் ஃபில்டர் 200 ஓமுக்கு வடிவமைத்தது என்று வைத்துக்கொள்வோம். எஸ்ஏ612-இன் அவுட்புட் 1,500 ஓம், விகிதம் 7.5. அதன் வர்க்கமூலம்தான் சுற்றுகளின் விகிதம், சுமார் 2.74. எஃப்டி37-43 டொராய்டில் (வளைய வடிவ ஃபெரைட் கோர்) மிக்ஸர் பக்கம் 22 சுற்று, ஃபில்டர் பக்கம் 8 சுற்று போட்டால் சரியாக வரும். மிக்ஸரின் அவுட்புட் பின்னில் டிசி இருக்கிறது. ஆகவே கிரவுண்டுக்குப் போகும் சுருளுக்கு முன்னால் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் அந்த பின் கிரவுண்டோடு ஷார்ட் ஆகி மிக்ஸர் ஊமையாகிவிடும்.

பின்னாளில் டயோடு ரிங் மிக்ஸருக்கு மாறினால், அதன் ஐஎஃப் (இடைநிலை ஃப்ரீக்வென்சி) அவுட்புட் முனைக்கு 50 ஓம் கண்டிப்பாக வேண்டும், அதுவும் எல்லா ஃப்ரீக்வென்சியிலும். கிரிஸ்டல் ஃபில்டரோ தன் பாஸ்பேண்டுக்கு வெளியே வருவதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் நடுவில் ஒரு டிப்ளெக்ஸர் (வேண்டிய ஃப்ரீக்வென்சியை ஃபில்டருக்கும் மற்றதை ஒரு ரெசிஸ்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரின் ஃபைனலில் (கடைசி பவர் ஸ்டேஜில்) டிரான்சிஸ்டரின் உள் இம்பீடன்ஸைத் தேடி அலைய வேண்டாம். எவ்வளவு லோடு காட்டினால் வேண்டிய வாட் கிடைக்கும் என்பதே கணக்கு. 12 வோல்ட், 5 வாட் என்றால் வோல்டேஜின் வர்க்கமான 144-ஐ, வாட்டின் இரு மடங்கான 10-ஆல் வகுக்க, 14.4 ஓம். 1:2 சுற்று டிரான்ஸ்ஃபார்மர் 50 ஓம் ஆன்டெனாவை 12.5 ஓமாகக் காட்டும். டிரான்சிஸ்டரில் விழும் வோல்டேஜ் போக 5 வாட்டை ஒட்டி வரும், அது போதும்.

ஃபில்டர் எத்தனை ஓம் என்றே தெரியாவிட்டால் இரு முனையிலும் சிறிய 500 ஓம் பிரிசெட்டுகளை (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்கள்) போட்டு, பாஸ்பேண்ட் சமமாகும்வரை திருப்புங்கள். அப்புறம் கழற்றி மல்டிமீட்டரில் அளந்துவிட்டுச் சுற்றுகளைக் கணக்கிடலாம்.