கிணற்று மோட்டர் நிற்காததற்குக் காரணம்

வணக்கம். கிளிநொச்சி வீட்டில் பழைய கணினியோடு மலிவான யூ.எஸ்.பி. ரிலேப் பலகையை (கணினியின் கட்டளைப்படி மின்சுற்றை மூடித் திறக்கும் சிறு ஆளிகள் கொண்டது) இணைத்ததாகவும், முற்றத்து விளக்கின் குதை (சொக்கெற்) ஒழுங்காக இயங்க, ஒரு பரிவலு (எச்.பி.) கிணற்று மோட்டர் மட்டும் நிறுத்தினாலும் ஓடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பழுது உங்கள் நிரலில் இல்லை. ரிலேயில் 10 அம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், ஓடும்போது ஏறக்குறைய 5 அம்பியர் இழுக்கும் மோட்டர் தொடங்கும் கணத்தில் அதன் பல மடங்கை இழுப்பதால், தொடுமுனைகளில் பொறி பறந்து அவை ஒட்டிக்கொள்கின்றன. என்னுடைய ரிலேயைத் திறந்தபோது முனைகள் கருகி ஒன்றோடொன்று பற்றியிருந்தன. ரிலே ஒரு கொன்டாக்டரின் (மோட்டர் போன்ற பெரிய சுமைகளுக்கான, மின்காந்தச் சுருளால் இயங்கும் ஆளி) சுருளை மட்டும் இயக்க, மோட்டரின் மின்னைக் கொன்டாக்டர் சுமக்கட்டும். சுருள் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆளி வழியே போகவேண்டியது உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி அல்ல. மின்சாரம் போய்த் திரும்பும்போது மோட்டர் தானாக ஓடாதிருக்க, ரிலேயில் இயல்பாகத் திறந்திருக்கும் (ரிலே இயங்காதபோது மின் கடத்தாத) முனையில் கொன்டாக்டரின் சுருளை இணையுங்கள்.