பனிக்காலையில் வெளுக்கும் விரல்களும் தலைவலிக் குளிசையும்

தலவாக்கலையிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அவருடைய அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலிக்காக வைத்தியர் சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் குளிசை கொடுத்திருக்கிறார். விடியற்குளிரில், பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, போகுமுன் அதை விழுங்கினால் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து மரத்துப்போகின்றனவாம். வெயில் ஏறியபின் போட்டால் ஒன்றும் ஆவதில்லையாம். குளிசை போலியா என்பது அவர் கேள்வி.

இதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. குளிசை ஒன்றுதான், அது போய்ச் சேரும் இரத்தக்குழாய் இரண்டு வேளையிலும் ஒரே நிலையில் இல்லை. குளிர் பட்டதும், உடற்சூடு வெளியேறாதிருக்கப் பரிவு நரம்புகள் (நாம் நினைக்காமலே தாமாக இயங்கும் நரம்புகள்) நோர்அட்ரினலின் என்ற இரசாயனத்தைச் சுரந்து விரற்குழாய்களை இறுக்குகின்றன. சுமாட்ரிப்டானோ செரோட்டோனின் என்ற உடல் இரசாயனத்தின் வாங்கிகளுள் (அதை ஏற்றுச் செயற்படும் கலப் பகுதிகளுள்) ஒருவகையைத் தூண்டி, தலையின் குழாய்களைச் சுருக்கும் மருந்து. தளர்ந்த விரற்குழாயில் அதன் பிடி பெரிதாகத் தெரியாது. நரம்பு ஏற்கெனவே பாதி இறுக்கிவிட்ட குழாயில் அதே அளவு மருந்து வலுவாகப் பிடிக்கக்கூடும். ஆகவே, விரல் வெளுப்பதை வைத்தியரிடம் காட்டும்வரை இந்தக் குளிசையை எந்த வேளையிலும் போட வேண்டாம். அதுவரை பரசிற்றமோல் போதும். நெஞ்சு இறுகினாலோ விரல் கறுத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடிதத்தில் போகிற போக்கில் வரும் ஒரு வரிதான் என்னை அச்சுறுத்துகிறது: லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மருந்து வாங்கி வந்து கொடுக்கும் ஒருவர், "இது இன்னும் நல்லாக் கேட்கும்" என்று எர்கோட்டமின் கலந்த குளிசை ஒன்றையும் கொடுத்துப் போயிருக்கிறார். அதுவும் குழாயைச் சுருக்கும், நெடுநேரம் விடாது. இரண்டும் 24 மணித்தியாலத்துக்குள் உடம்பில் சந்திக்கவே கூடாது. வைத்தியர் எழுதிய துண்டில் இல்லாத மருந்தைத் தரகுக்காகத் திணிப்பவரை வாசற்படியிலேயே நிறுத்துங்கள். கிளினிக் கொப்பியில் ஏறாத குளிசையை, இரண்டு நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடும் கிளினிக்கில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

தலைவலி வராமல் தடுக்க அம்மா புரோப்ரனலோலும் எடுக்கிறாரா என்பதைப் பாருங்கள். பரிவு நரம்பை அடக்கும் மருந்துதானே, விரலுக்கு நல்லதல்லவா என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அது அடக்குவது முக்கியமாக இதயத்தின் வேகத்தை. குழாயை இறுக்கும் வாங்கியை அது தொடுவதில்லை, தளர்த்தும் வாங்கியையே அடைத்துவிடுகிறது. அதனால் விரல் மேலும் குளிரும். அதற்காகத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வெளுத்திருக்கும்போதே விரல்களைப் போனில் படம் எடுத்து, எல்லாக் குளிசை உறைகளோடும் கொண்டுபோங்கள். பத்து மணிக்கு கிளினிக் வரிசையில் நிற்கும்போது விரல் சிவந்துதான் இருக்கும்.