கிரிப்டோவில் பணம் போடுவதை அப்பா அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சம்பளத்தில் கொஞ்சம் பிட்காயினில் போடப் போகிறீர்கள், வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது என்பது கேள்வி. லாபத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள். ஈமு கோழி, ஆருத்ரா மோசடிகளை எல்லாம் பார்த்தவர்கள் அவர்கள். "இத்தனை மடங்காகும்" என்றதுமே உஷாராகிவிடுவார்கள். எவ்வளவு போய்விடலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000-க்குக் கீழே வந்தது. லட்ச ரூபாய் கால் லட்சம் ஆன கணக்கு.

"சட்டப்படி சரியா?" என்பார் அப்பா. தடை இல்லை; கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. அதற்காக அரசு பொறுப்பேற்கிறது என்று அளந்துவிடாதீர்கள். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் (காயின் வாங்கி விற்கும் தளம்) சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் திருடு போனபோது, வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

வரிக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். லாபத்தில் 30%, அதன் மேல் 4% செஸ். ஒரு காயினில் 50,000 லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம் என்றால் கையில் மிஞ்சுவது பூஜ்யம். வரி மட்டும் 15,600. நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. (நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.)

பிறகு அவர்கள் எதிரிலேயே ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, உடனே விற்று, வங்கிக் கணக்குக்குத் திரும்ப எடுங்கள். விற்கும்போது 1% டிடிஎஸ், சுமார் பத்து ரூபாய் பிடிப்பார்கள்; ரிட்டர்ன் போடும்போது அது கணக்கில் வரும். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதற்கு 18% ஜிஎஸ்டியும் போனதுதான்.

அப்பாவோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டை மட்டும் இதில் இணைக்கவே இணைக்காதீர்கள். முன்பின் தெரியாத ஆளுக்கு பி2பி-யில் (ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை) யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய காயின்) விற்று, அவர் அனுப்பியது மோசடிப் பணமாக இருந்தால் சைபர் கிரைம் போலீஸ் கணக்கையே முடக்கும். பென்ஷன் வரும் கணக்கு அதுவாக இருந்தால் வீடு என்னாகும்? "எங்க பி.எஃப். பணத்தையும் போட்டுக் கொடு" என்று அவர்களே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் அவர்கள் எடுக்க வழி வேண்டும். எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த மெயில் ஐடி என்று எழுதி பீரோவில் வையுங்கள். எக்ஸ்சேஞ்சில் விடாமல் காயினை நீங்களே வைத்திருக்கும் சொந்த வாலட் என்றால், அதை மீட்டெடுக்க உதவும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் மட்டும் எழுதுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது யார் கண்ணில் பட்டாலும் காயின் அவர்களுடையது.