சிவன் பாட்டு லேசானதா?

கர்நாடக இசைக்குத் தமிழ்க் கீர்த்தனைகள் எழுதிய பாபநாசம் சிவனைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, உப்புவெளி முதல் மூதூர் வரை பதினேழு கேள்விகள் வந்துவிட்டன. பாதி ஒரே கேள்விதான். மிச்சத்துக்கு இங்கே பதில். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். திருகோணமலையில் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன்.

அவர் பிறந்த ஊர் பாபநாசமா? பெயரே சிவன்தானா? (உவர்மலை மாணவி)

இரண்டும் இல்லை, பிள்ளை. 1890இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் இராமையா. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயோடு திருவனந்தபுரம் போய் அங்கே வளர்ந்தார். தாயும் போனபின் கோயில் கோயிலாக அலைந்தார். தமையன் இருந்த ஊர் பாபநாசம். திருநீறு பூசிக்கொண்டு உருகிப் பாடியவரைச் சனங்கள் சிவன் என்றார்கள். ஆனால் பாட்டில் கையெழுத்துப் போல அவர் வைத்த முத்திரை ‘இராமதாசன்’. பரீட்சையில் கேட்டால் மாற்றி எழுதிவிடாதே.

பரீட்சைக்கு மகளுக்கு ‘என்ன தவம் செய்தனை’ கொடுத்திருக்கிறீர்கள். அது லேசான பாட்டு. தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனை ஒன்றை மாற்றித் தரக்கூடாதா? (ஒரு தாய்)

அம்மா, சொல் விளங்குகிறது என்பதற்காகப் பாட்டு லேசாகிவிடாது. விளங்காத மொழியில் பிள்ளை பிழைவிட்டால் சபைக்குத் தெரியாது. தமிழில் விட்டால் பின்வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் தெரியும்.

அந்தப் பல்லவியைப் பாருங்கள். யசோதையை விளித்து, எங்கும் நிறைந்த பரப்பிரம்மம் என்று வேதாந்தத்தின் உச்சிக்குப் போகிறார். வாக்கியம் இன்னும் முடியவில்லை. அந்தப் பரப்பிரம்மம் செய்த வேலை என்ன? ‘அம்மா’ என்று கூப்பிட்டது. அவ்வளவு பெரிய சொல்லை அடுக்களைச் சொல்லுக்குள் இறக்கிவிட்டார். உங்கள் மகள் பரப்பிரம்மத்தில் மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு ‘அம்மா’வைப் பஸ்ஸுக்கு ஓடுவதுபோல் பாடுகிறாள். நான் மறித்துத் திருத்துவது அந்த ஓர் இடத்தைத்தான். அதோடு ராகம் காபி: ‘க’ சுரத்தில் சாதாரண காந்தாரத்தோடு அந்தர காந்தாரமும் எட்டிப் பார்க்கும், ‘நி’யில் கைசிகி நிஷாதத்தோடு காகலியும் வரும். எது எங்கே வருகிறது என்று காதுக்குப் பிடிபடவே மாதங்கள் போகும். பாட்டை மாற்றப் போவதில்லை.

வராளி ராகத்தை நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் ஆகாதாமே? அப்படியென்றால் அந்த ராகத்திலுள்ள ‘கா வா வா’வை எப்படிப் படிப்பது? (நிலாவெளி வாசகர்)

என் குரு அதை எனக்குச் சொல்லித்தரவில்லை. பாடிவிட்டு, “கேட்டுக்கொண்டிரு” என்று முற்றத்துக்குப் போய்விட்டார். சாபமோ என்னவோ, சிக்கல் உண்மையானது. ‘ரி’யான சுத்த ரிஷபத்தை ஒட்டியே ‘க’வான சுத்த காந்தாரம் நிற்கும். எழுதிவைத்த சுரத்தைப் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. கேட்டுத்தான் வரவேண்டும். இந்தப் பாட்டில் சிவன் ஒரு குறும்பும் செய்திருக்கிறார்: ‘கா’ என்றால் காப்பாற்று, ‘வா’ தெரிந்ததுதான். ஓரெழுத்துச் சொற்களை வைத்தே முருகனை அழைத்துவிடுகிறார்.

சினிமாவுக்கு எழுதியவரைத் தியாகராஜருக்கு ஈடாகத் தமிழ்த் தியாகையர் என்று சொல்லலாமா? (பெயர் போடாதவர்)

சொல்லலாம். ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ படங்களில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடியவற்றைப் பாட்டுக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ‘மன்மத லீலையை’ கேட்டுத்தான் என் தகப்பனாருக்குச் சாருகேசி என்ற ராகம் இருப்பதே தெரியும். 1939இல் வந்த ‘தியாகபூமி’யில் சம்பு சாஸ்திரியாக நடித்தும் இருக்கிறார். அதே மனிதர்தான் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போனார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1971இல், எண்பது வயது தாண்டியபின் கிடைத்தது, 1973இல் காலமானார். பட்டம் பிந்தியதற்குச் சினிமாதான் காரணமா என்று கேட்காதீர்கள். எனக்கு வீண் வம்பு.

திருகோணமலைக் கோணேசருக்குச் சம்பந்தர் தேவாரம் இருக்கிறதே. கீர்த்தனை எதற்கு?

தேவாரம் இருக்கிறது, புறநீர்மைப் பண்ணில். குரைகடலும் கோணமாமலையும் அதற்குள்ளேயே வருகின்றன. அதைத் தினமும் பாடுங்கள். ஆனால் தேவாரத்தில் நிரவலும் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) கற்பனாசுரமும் (சுரங்களை அவ்விடத்திலேயே கற்பனையாகப் பாடுவது) பாட மாட்டோம். கீர்த்தனை அதற்கு இடம் தரும். ஒன்றை எடுத்து மற்றதை விடச் சொன்னவர் யார்?

ஒரே ஒரு பாட்டுக் கேட்க நேரம் உண்டு. எது?

காம்போதியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’. மயிலாப்பூரில் கபாலி பவனி வரும் காட்சி அது. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது, வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டு, மேளச்சத்தம் எந்தத் தெரு மூலையில் கேட்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படி நின்றவருக்கு இந்தப் பாட்டை விளக்க வேண்டியதில்லை. பாடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: ‘கண்கோ’ என்று நிறுத்தி மூச்சு வாங்கி ‘டி’யைத் தனியே விடாதீர்கள்.